வெங்காயம் உரிக்கப் போன சண்டை

இல்ல சார், பிளாட்டு விக்க வர்ல. போன வாரமும் இதான் சொன்னீங்க, புரோக்கருங்க தொல்ல தாங்கலன்னு. நா புரோக்கரு இல்ல. பேரு தனகோடி, மானாமதி பக்கம் வூடு, மாமல்லபுரத்துல காரு ஓட்றேன். கேட்ட தெறக்காட்டி பரவால்ல. நீங்க உள்ளியே குந்துங்க, நா வெளிய நின்னுகினே பேசறேன். வெயிலு எனக்குப் புதுசில்ல. ஆனா சாத்திகினு உள்ள மட்டும் பூடாதீங்க. மூணாவது வாட்டி வரேன் சார்.

மொத வாட்டி வந்தப்ப சாரங்கபாணி சார் வூடான்னேன், ஆமான்னீங்க. ஈபி ஆபீசுல ரிட்டேரு ஆனவரான்னேன், ஆமான்னீங்க. உங்க பையன் அச்சுதன்னு ஆரம்பிச்சேன், படக்குனு சாத்திட்டீங்க. அடுத்த வாட்டி நா வாயத் தொறக்கவே இல்ல, மூஞ்சியப் பாத்ததும் புரோக்கருன்னு திட்டிட்டு சாத்திட்டீங்க. சரி, இன்னிக்கு உங்க பையன் பேர எடுக்கல. என் கதைய சொல்லிட்டுப் போறேன். ஊரான் கதைய கேக்கறதுல உங்களுக்கு இன்னா நஷ்டம். புடிக்கலன்னா பேப்பரப் பாத்துகினே இருங்க.

அந்தப் பேப்பர்லயே போட்டிருப்பான் பாருங்க, பாக்தாத்துல குண்டு வெடிச்சி இத்தினி பேரு செத்தாங்கன்னு. டெய்லி போடறான். பெரட்டிட்டு அடுத்த பக்கம் பூடுவோம். நானும் அப்டித்தான் சார் இருந்தேன். அமெரிக்காக்காரனும் இராக்குக்காரனும் அட்ச்சிக்கறான், நமக்கு இன்னா வந்துதுன்னு.

வந்துது சார். அமெரிக்காவுல அந்த ரெண்டு கோபுரம் வுழுந்துதில்ல, அந்த வருசமே இங்க எங்க பொழப்பும் வுழுந்துது. நா அப்ப மாமல்லபுரத்துல ஒரு ஓட்டல் சமையல்கட்டுல இருந்தேன். வெள்ளக்காரங்க ஏரோப்ளேன் ஏறவே பயந்துகினு வரதில்ல. சீசன் டைமுல ரூமெல்லாம் காத்து வாங்கினு கெடக்குது. கல்லுல பிள்ளையாரு செதுக்கறவன், சங்கு மாலை விக்கறவன், சைக்கிளு வாடகைக்கு வுடறவன், எல்லாம் கடலப் பாத்துகினு குந்தியிருந்தான். ஓட்டல்ல ஆளக் கொறச்சாங்க. மொத ஆளு நாந்தான்.

ரெண்டு வருசம் கெடச்ச கூலி வேலய பாத்து ஓட்டினப்பறம் கண்ணாயிரம்னு ஒரு ஏஜெண்டு வந்தான். செங்கல்பட்டுல ஆபீசு வெச்சிருந்தான், இப்ப அந்த எடத்துல செல்போன் கடை கீது. குவைத்துல பெரிய ஓட்டலு, சமையலுக்கு ஆளு வோணும், தங்க எடம், சாப்பாடு எல்லாம் அவனே பாத்துப்பான்னான். அம்சா வேணான்னா. அம்சா என் வூட்டுக்காரி. பொண்ணு படிச்சிகினு இருக்குது, நீ இங்கியே எதாச்சும் வேலயப் பாருன்னா. இங்க எங்க கீது வேல. ஏறிட்டேன்.

குவைத்துல எறங்கின ஒடனே பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கினான். ஒரு பெரிய ஷெட்டுல போட்டான். எந்த ஓட்டலுன்னு கேட்டா நாளைக்கி நாளைக்கின்றான். ஒரு நாளு விடிகாலம் பஸ்ல ஏத்தினான், ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை. போவுது போவுது, போய்கினே கீது. பக்கத்துல ஒரு நேபாளத்துக்காரன் குந்தியிருந்தான். திரைய தூக்கிப் பாத்துட்டு எனக்கு இந்தில சொன்னான், அண்ணே, நாம இராக்குக்குள்ள வந்துட்டோம்னு.

எறங்க வேண்டிதானன்னா எங்க எறங்கறது சார். கையில பாஸ்போர்ட்டு கெடயாது. ரெண்டு பக்கமும் மண்ணு. எந்தப் பக்கம் நடக்கறது.

நீங்க சிரிக்கிறீங்க. சரி, சிரிக்கல. எனக்கு அப்டி தெரிஞ்சுது.

நம்ம அரசாங்கம் பட்டாளம் அனுப்ப மாட்டோம்னுச்சே, படிச்சிருப்பீங்களே. நல்லதுன்னு ஊரே பேசிச்சி. பட்டாளம் போவல சார், மெய்தான். ஆனா நாங்க போனோம். அங்க இருந்த அமெரிக்கா பட்டாளத்துக்கு சோறாக்க, துணி தொவைக்க, கக்கூசு கழுவ, லாரி ஓட்ட. கேரளாக்காரன், ஆந்திராக்காரன், நம்ம தஞ்சாவூரு பக்கத்து ஆளுங்க. துப்பாக்கி புடிக்கிற வேலதான் நம்முது இல்லன்னுட்டாங்க. அந்தத் துப்பாக்கி புடிக்கிற கைக்கு சாப்பாடு போட்டது நம்ம ஆளுங்கதான். என் கையி இந்த வெங்காயத்தால எப்டி ஆச்சு பாருங்க. மூட்ட மூட்டயா உரிச்சிகீறேன்.

அந்தக் கேம்ப்ப நீங்க பாக்கணும். மரஞ்செடி ஒண்ணு கெடயாது. நடுவுல செங்கல்பட்டு டவுனு அளவுக்கு ஒரு ஊரையே தூக்கினு வந்து எறக்கி வெச்சிகீறான். ஏசி போட்ட கூடாரம், அதுக்குள்ள பர்கரு, ஐஸ்கிரீமு, நண்டு கூட வரும். எந்தக் கடல்ல புட்ச்சதோ, ஐஸ் பொட்டில வந்து எறங்கும். அவங்க தின்னு முடிச்சப்பறம் எங்களுக்கு பின்னால தகரக் கொட்டாயில சோறும், தண்ணியா ஒரு பருப்பும். மீந்து போன நண்ட குழில கொட்டி கொளுத்துவான், எங்கள தொட வுடமாட்டான்.

சைரன் அடிச்சா ராக்கெட்டு வருதுன்னு அர்த்தம். பட்டாளத்துக்காரங்க இரும்புத் தொப்பி, நெஞ்சுக்குக் கவசம் எல்லாம் மாட்டிகினு பதுங்கற எடத்துக்கு ஓடுவாங்க. நாங்க ஏப்ரனோட ஓடுவோம். எங்களுக்கு தொப்பி கெடயாது. கேட்டா, நீ கம்பெனி ஆளு, கம்பெனிய கேளுன்னுவான். கம்பெனி சூப்ரவைசர கேட்டா, அது பட்டாளத்து சாமான், அங்க கேளுன்னுவான். ஒரு நாளு துணி தொவைக்கிற கொட்டாய்ல வுழுந்துது. அந்த நேபாளத்துக்காரன் செத்துப் பூட்டான் சார். மறுநாளு அதே மிஷின்ல வேற ஒருத்தன் துணி போட்டுகினு இருந்தான். எனக்கு வவுறு எரிஞ்சிபோச்சு. யாரு மேல எரியறதுன்னுதான் தெரியல. அந்த ராக்கெட்டு வுட்டவன் மேலயா, கம்பெனி மேலயா, கண்ணாயிரம் மேலயா.

ரொம்ப நன்றிம்மா. மோரு நல்லா கீது. இங்க கேட்டு வழியாவே குடுத்தா போதும்மா. சாரு தெறக்கும்போது தெறக்கட்டும்.

எங்க வுட்டேன். ஆங். ஒரு நாளு பரிமாற எடத்துல நிக்கும்போது கொதிக்கிற சூப்பு கையில கொட்டிடுச்சி. வாயில வந்தத அப்டியே வுட்டேன், நம்ம ஊரு பாஷையில. அம்மா நிக்கிறாங்க, அத இங்க சொல்ல முடியாது. வரிசைல தட்டோட நின்னுகினு இருந்த ஒரு பட்டாளத்துக்காரரு சிரிச்சிட்டாரு. அதே யூனிபாரம், தோள்ல அதே துப்பாக்கி. நீ எந்த ஊர்ப்பா, இந்த வார்த்தைய காதால கேட்டு எத்தன வருஷமாச்சு, அப்டின்னாரு தமிழ்ல. எனக்கு கரண்டி கையிலருந்து வுழுந்துடுச்சி சார். மானாமதின்னேன். அவரு சிங்கப்பெருமாள் கோயிலுன்னாரு. இங்கருந்து அங்க பஸ்ஸு மாத்தி ஏறினா மத்தியான சாப்பாட்டுக்குள்ள போயி வந்துடலாம். அவரு அமெரிக்கா பட்டாளத்துல, நா அமெரிக்கா அடுப்படில.

எங்க எந்திரிச்சீங்க சார். நா பேர எடுக்கலயே. குந்துங்க. இல்ல, வேற எதாச்சும் கேக்கணும்னு எந்திரிச்சீங்களா.

உசுரோட கீறாரு சார். அதான கேக்க வந்தீங்க. உசுரோட கீறாரு. குந்துங்க.

அம்மா, நீங்களும் அழாதீங்கம்மா. நல்லதுதான சொல்றேன்.

நீங்க அவருகிட்ட இன்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் சார். போனுல பட்டாளத்துல சேந்துட்டேன்னு சொன்னாரு. அது உன் சண்ட இல்ல, ஊரான் வூட்டுக்குள்ள பூந்து அடிக்கிறவனுக்கு நீ அடியாளா போறியா, எனக்கு பையனே இல்லன்னுட்டு வெச்சிட்டீங்க. நீங்க சொன்னது தப்புன்னு நா சொல்ல வர்ல. அவரும் சொல்லல. அதான் பேஜாரே. தப்புன்னு சொன்னா சண்ட போட்டுட்டுப் பூடலாம்.

ஆனா அவரு ஏன் சேந்தாருன்னு நீங்க கேக்கவே இல்ல. போன புதுசுல நல்லா இருந்துதாம் சார். கம்ப்யூட்டர் வேல, காரு, எல்லாம். பக்கத்து வூட்டம்மா கேக்கு செஞ்சி எடுத்துகினு வந்து, எங்க தெருவுக்கு வாப்பான்னு குடுத்தாங்களாம். கோபுரம் வுழுந்த வாரம் அதே அம்மா இவரப் பாத்து கதவ சாத்திக்கினாங்களாம். கேட்டீங்களா. அவங்களும் படக்குனு சாத்தினாங்க. பெட்ரோல் பங்குல ஒருத்தன் உன் நாட்டுக்கு போடான்னு காரு கண்ணாடிய ஒடச்சிட்டான். எந்த நாடுன்னு அவனுக்குத் தெரியுமா. மூஞ்சி கறுப்பு, தாடி கொஞ்சம், போதும். ஏர்போர்ட்டுக்கு போனா வரிசைலருந்து இவர மட்டும் தனியா இட்டுனு போயி செருப்ப கயட்ட சொல்றான். கம்பெனிய இழுத்து மூடிட்டான். தெருவுல வூட்டுக்கு வூடு கொடி கட்டிகீறான். இவரும் ஒரு கொடி வாங்கி கட்டினாராம். ஆசைக்கு இல்ல தனகோடி, பயத்துக்குன்னாரு எங்கிட்ட.

அங்க தங்கறதுக்கு கார்டு இருந்துது, குடியுரிமை இல்ல. பட்டாளத்துல சேந்தா சீக்கிரம் குடுப்போம்னான். அந்த யூனிபாரத்த மாட்டிட்டா அப்பால எவனும் நம்மள நீ யாருன்னு கேக்க மாட்டான்னு நெனச்சிட்டாரு. அவ்ளோதான் சார். ஊர ஜெயிக்கணும்னு போவல.

ஆனா கேட்டான். ஒரு நாளு குளிக்கப் போயிருக்காரு, டீசர்ட்டு, லுங்கி மாதிரி ஒரு துண்டு, கையில சோப்பு டப்பா. வாசல்ல நின்ன காவல்காரன் புதுசு. தடுத்து நிறுத்தி, கிச்சன் ஆளுங்களுக்கு அந்தாண்ட பக்கம், உன் அட்டையக் காட்டுன்னுட்டான். எங்களுக்கு கழுத்துல ஒரு கலரு அட்ட, அவங்களுக்கு வேற கலரு. இவரு சோல்ஜருன்னு சொல்றாரு, அவன் நம்பல. நா பின்னால குப்பத் தொட்டி தள்ளிகினு வந்தேன், எல்லாத்தையும் பாத்தேன். அன்னிக்கி சாயங்காலம் வரிசைல வந்து எனக்கு நேரா நின்னாரு. நா ஒரு கரண்டி கூடுதலா வெச்சேன்.

அப்பால ஒண்ணு சொல்றேன், இத நீங்க கேட்டே ஆவணும். அவரு வேல உள்ளியேதான், வயர்லெஸ்ஸு, கம்ப்யூட்டரு. ஒரு வாட்டி ஆளு பத்தலன்னு ஊருக்குள்ள வூடு வூடா சோதன போட இட்டுனு போயிட்டாங்க. ஒரு வூட்டுக் கதவ ஒதச்சி தெறந்துகினு உள்ள போனா, உள்ள ஒரு பெரியவரு. பனியனோட, மூக்குக் கண்ணாடி போட்டுகினு, நாற்காலில குந்தி பேப்பரு படிச்சிகினு இருந்தாராம். எந்திரிக்கவே இல்லயாம். இவரு மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, நீ எந்த ஊருன்னு இங்கிலீசுல கேட்டாராம். இவரு வாய் தவறி இந்தியான்னுட்டாரு. அந்தப் பெரியவரு சொன்னாராம், இந்தியாக்காரங்க இங்க பாலம் கட்ட வந்தாங்க, என் பொண்ணு பிரசவத்துக்கு ஒரு இந்தியா நர்ஸம்மா இருந்தாங்க, நீ என் வூட்டுக்கு இன்னாத்துக்கு வந்தேன்னு.

அன்னிக்கி கிச்சனுக்கு பின்னால வந்து குந்திகினாரு. துப்பாக்கிய சுவத்துல சாத்திட்டு எங்கூட வெங்காயம் உரிச்சாரு. எங்கப்பா மாதிரியே இருந்தார் தனகோடி, எங்கப்பா சொன்னதையே சொன்னார்னாரு. கண்ணுல தண்ணி. வெங்காயம்னு நானும் நெனச்சிக்கினேன், அவரும் அப்டியே வுட்டுட்டாரு.

நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். அத சொல்லத்தான் இவ்ளோ நேரம் நின்னுகினு கீறேன். நீங்க சொன்னது சரி. அந்த வூட்டுக்குள்ள நிக்கும்போதே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பால இன்னாத்துக்கு இன்னும் இந்தக் கேட்டு.

சரி, சத்தம் போடல. மன்னிச்சிக்குங்க. எனக்கு இந்த மாதிரி சத்தம் வரும், அங்கருந்து வந்ததுலருந்து. அம்சாவும் திட்டுவா.

அப்பால அந்த சுனாமி. அன்னிக்கி கிச்சன்ல கிறிஸ்துமஸ் அலங்காரம் இன்னும் கயட்டல. பெரிய டீவி ஒண்ணு சாப்பிடற எடத்துல எப்பவும் ஓடிகினே இருக்கும். கரண்டியோட நின்னுகினு பாக்கறேன், சென்னன்றான், நாகப்பட்டினம்ன்றான். தண்ணி வருது, ஆளுங்க ஓடறாங்க. அம்சா அப்ப மாமல்லபுரத்துல கடலோரம் ஒரு லாட்ஜுல ரூமு கிளீன் பண்ற வேல. சூப்ரவைசருகிட்ட ஓடினேன். ஒரு போனு பண்ணிக்கறேன்னேன். டியூட்டி முடிச்சிட்டு வான்னான். ஊருக்கு அனுப்புன்னேன். காண்ட்ராக்டு முடியலன்னான். பாஸ்போர்ட்டு குடுன்னேன். குவைத்துல கீதுன்னான். பொய்யி சார், அவன் ரூமு பீரோலதான் வெச்சிருந்தான்.

அவருதான் வந்தாரு. அவங்களுக்கு வூட்டுக்கு பேசறதுக்குன்னு தனியா டைம் குடுப்பாங்க, அதுல என்ன இட்டுனு போயி எங்க தெருமுனை எஸ்டிடி பூத்து நம்பர போட்டுக் குடுத்தாரு. லைனே கெடைக்கல. திருப்பித் திருப்பிப் போட்டாரு. அவரு பின்னால நின்னவனெல்லாம் கத்தறான். கடசில கெடச்சுது. பூத்துக்காரன் சொன்னான், அம்சா மொட்ட மாடில பெட்சீட்டு காயப் போட்டுகினு இருந்துது, தப்பிச்சிடுச்சின்னு.

அந்த டைம்ல மிச்சம் கொஞ்சம் இருந்துது. அவரு இன்னொரு நம்பர போட்டாரு. உங்க நம்பருதான் சார். அலை இங்க வராதுன்னு அவருக்குத் தெரியாதா. கடலு எங்க, சிங்கப்பெருமாள் கோயிலு எங்க. ஆனாலும் போட்டாரு. நீங்கதான் எடுத்தீங்க. ஹலோ, யாருன்னு ரெண்டு வாட்டி கேட்டீங்க. உங்க கொரல கேட்டுகினே நின்னாரு. வெச்சிட்டாரு. நல்லாருக்காங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டு தொப்பிய மாட்டிகினு போயிட்டாரு.

நெனப்பு கீதா. கீதுல்ல. யாரோ ராங் நம்பருன்னு நெனச்சிருப்பீங்க.

இல்லியா. அப்பவே தெரியுமா உங்களுக்கு.

அப்ப ஏன் சார் ஒரு வார்த்த, அச்சுதான்னு ஒரு வார்த்த. சரி, சரி. கேக்கல. நா இன்னா பெரிய ஆளு கேக்கறதுக்கு.

எங்க பாஸ்போர்ட்டு வெளிய வந்தது அவராலதான். மேலதிகாரி ஒருத்தருகிட்ட போயி, இந்த மாதிரி கிச்சன் ஆளுங்க பாஸ்போர்ட்ட பூட்டி வெச்சிகீறான், இது நம்ம சட்டத்துலயே தப்புன்னு நின்னுட்டாரு. கம்பெனிக்காரன் கோவமா சுத்தறான், ஒரு சில பட்டாளத்துக்காரனுங்களே உன் ஆளுங்களுக்கு வக்காலத்தா வாங்கறேன்னு கேட்டானுங்க. உன் ஆளுங்கன்றான் பாருங்க. யூனிபாரம் போட்டும் அதான். அதிகாரி நல்ல மனுசன், பீரோவ தெறக்க வெச்சிட்டாரு. போறவங்க போலாம்னாங்க. நா போறேன்னேன்.

நா கெளம்பறதுக்குள்ள அவர கம்ப்யூட்டர் வேலலருந்து எடுத்து லாரிங்களுக்கு காவலா ரோட்டுல அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. எனக்காகப் பேசினதாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. அவர கேட்டா இல்ல, எல்லாருக்கும் மொற வருதுன்னாரு. எது மெய்யின்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது சார். பஸ்ஸு ஏத்தி வுட வந்தாரு. ஊருக்குப் போனா எங்காத்துப் பக்கம் போய்ப் பாருன்னாரு. எதாச்சும் சொல்லணுமான்னேன். வேண்டாம், சும்மா பாத்துட்டு வான்னாரு.

மெட்ராசு ஏர்போர்ட்டுல எறங்கினா அங்க ஒரு அதிகாரி, எங்க இருந்து வரேன்னாரு. இராக்குன்னேன். இராக்குக்கு இந்தியாக்காரங்க போவக் கூடாதுன்னு தடை கீது, தெரியாதான்னு ஒரு மணி நேரம் காச்சினாரு. சார், போவக் கூடாதுன்னு அவங்களுக்கு சொல்லுங்கன்னேன். யாருக்குன்னாரு. பொட்டிய தூக்கிகினு வந்துட்டேன். வூட்டுக்கு வந்தா அம்சா வேல பாத்த லாட்ஜுல கீழ்த்தளமே இல்ல. என் பொண்ணு காயத்ரி படூர்ல காலேஜு படிக்கிது, முடிச்சிட்டு ஓஎம்ஆர்ல அமெரிக்கா கம்பெனில சேரணும்ன்றா. அவன் சண்டையில நா வெங்காயம் உரிச்சேன், அவன் காசுலதான் இங்க ரோடு, கண்ணாடி கட்டடம், எல்லாம் ஏறிகினு கீது. வேணான்னு சொல்லவும் முடியல, சரின்னு சொல்லவும் மனசு வர்ல. அம்சாகிட்ட வள்ளுனு வுழறேன். அவ பாவம்.

இந்தப் பக்கம் நா வர்ல சார், வந்து பாக்க சொன்னாரே, வர்ல. வேல, அலைச்சலு. அப்டி ஒரு வருசத்துக்கு மேல பூட்ச்சி.

இல்ல சார், போட்டோல்லாம் எங்கிட்ட இல்ல. எங்களுக்கு கேமரா கூடாது. எதுக்கு இப்ப போட்டோ.

போன மாசம் ஸ்டாண்டுல இருந்தேன், கடலோரத்து ஓட்டல்லருந்து வண்டி வோணும்னு கூப்டாங்க. அமெரிக்கா பாஸ்போர்ட்டு பார்ட்டின்னாங்க. போனா, முடியெல்லாம் வளந்து, எளச்சி, எனக்கே அடையாளம் தெரியல. அவருதான் எந்த ஊர்ப்பான்னாரு. சொந்த ஊருக்கு வரதுக்கு விசா வாங்கினு வந்துகீறாரு சார். கேக்கவே ஒரு மாதிரியா இல்ல. எங்க போவணும் சார்னேன். சிங்கப்பெருமாள் கோயிலுன்னாரு.

ஆமா சார். இங்கதான்.

தெனம் வரோம். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, ஜிஎஸ்டி ரோடு, இந்தத் தெரு. மெதுவா போன்றாரு. கோயில ஒரு சுத்து சுத்தி திரும்பி மாமல்லபுரம். எறங்க மாட்டேன்றாரு. அம்மா கோலம் போட்டத பாத்தோம். நீங்க பால் பாக்கெட்டு வாங்கினு கைய வீசிகினு போனத பாத்தோம். ஒரு நாளு ரோட்டு நடுவுல நின்னுட்டீங்க, நாந்தான் ஆரன் அட்ச்சேன். அவரு ஏன்டா அடிக்கறேன்னு எங்கிட்ட கோவிச்சிக்கினாரு. எனக்கு வெறுத்துப்போச்சு சார். இவரு எறங்க மாட்டேன்றாரு, நீங்க தெறக்க மாட்டேன்றீங்க, நடுவுல நா ஸ்டீரிங்க புட்சிகினு சுத்தறேன். நானே போயி பேசறேன்னு வந்தா ரெண்டு வாட்டி மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்திட்டீங்க.

இன்னிக்கா. இன்னிக்கும் வந்துதான் கீறாரு. தோ, கொளத்து மூலயில புங்க மரத்தடில வண்டி நிக்கிது. உள்ள குந்திகினு கீறாரு. நா போயி கேட்ட தெறக்க வெக்கிறேன், தெறந்தா வாங்க, இல்லன்னா திரும்பிடலாம்னு சொல்லிட்டு வந்தேன்.

அம்மா, கொல்லப் பக்கமா சுத்தி ஓடாதீங்கம்மா. வெயில்ல செருப்பு கூட இல்லாம. சரி, போவட்டும்.

சார், ஒரு நிமிசம். அவரு வரதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், பாத்ததும் மூஞ்சி மாறிடக் கூடாது. லாரிக்குக் காவலா போனப்ப ரோட்டுல வெச்ச குண்டுல எடது காலு முட்டிக்குக் கீழ பூட்ச்சி. கட்டக்காலு போட்டு நல்லாவே நடக்கறாரு, பேண்ட்டு போட்டா தெரியாது. சமமான தரையில ஒண்ணும் பயமில்ல. உங்க வாசல்ல படி கீது, புடிச்சிக்க கம்பி இல்ல, அதான் இந்த வீதிக்கு வந்தா எப்பவும் அந்தப் படியவே பாத்துகினு இருப்பாரு. நா வலது பக்கம் புட்சிக்கறேன். நீங்க சாவிய எடுத்துகினு இந்தாண்ட வாங்க சார், ஒராளு பத்தாது.